பாட்டில் வரும் 'நீ' யார்?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. என் அக்கா மகனைப் பற்றியது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மாமா, பேரு மட்டும் வேண்டாம். அப்பாவுக்கு இன்னும் தெரியாது" என்றான். அதனால் இங்கே அவன் வெறும் 'மருமகன்' மட்டுமே.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது கோவில்பட்டி. பி.காம். முடித்து, வங்கித் தேர்வு எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, 2014-ல் பெங்களூர் வந்து சேர்ந்தேன். இருப்பது பொம்மசந்திராவில். பெங்களூர் என்றதும் எம்.ஜி. ரோடும் கப்பன் பார்க்கும் நினைவுக்கு வருகிறதா? இது அந்தப் பெங்களூர் இல்லை. ஓசூர் ரோட்டில், எலக்ட்ரானிக் சிட்டியும் தாண்டி இருக்கும் தொழிற்பேட்டை. மருந்துக் கம்பெனிகள், உதிரி பாகம் செய்யும் பட்டறைகள், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. டீக்கடையில் நின்றால் ஐந்து மொழி காதில் விழும். தமிழ் கொஞ்சம் சத்தமாகவே விழும் :-)

மருமகன் 2022-ல் இங்கே வந்தான். வேதியியல் படித்தவன். ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பி.ஜி.யில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். வரும்போது முதுகில் கிட்டார். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினது. முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை, இரண்டாவது மாதச் சம்பளத்தில் கிட்டார்.

அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டுத் தமிழில் பாடுவான். சினிமாப் பாட்டு பாடுகிறவர்களை நமக்குத் தெரியும், கச்சேரி பாடுகிறவர்களையும் தெரியும். இது இரண்டிலும் சேராத ஒரு வகை. இந்திராநகர், கோரமங்களா பக்கம் சில காபிக் கடைகளில் 'ஓபன் மைக்' என்று வைக்கிறார்கள். பேர் கொடுத்தால் பத்து நிமிஷம் பாடலாம். பாடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. சில இடங்களில் பாடுகிறவர்தான் இருநூறு ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும்!

நான் கணக்குப் பார்க்கிற ஆள். ஒருநாள் உட்கார்ந்து அவனுடைய வரவு செலவைப் போட்டேன். கட்டணம் இருநூறு, பஸ் அறுபது, திரும்பி வர ஆட்டோ நானூற்றைம்பது. பத்து மணிக்கு பி.ஜி. கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிந்தினால் எங்கள் வீட்டு சோபா. வரவு? ஒரு காபி இலவசம். "மாப்ள, இது தேறாத கணக்குடா" என்றேன். சிரித்தான். "மாமா, பத்து நிமிஷம் இருபது பேரு போனைப் பாக்காம என்னையப் பாக்காங்க. அதை எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?"

அவன் பாட்டுகளில் ஒன்றை என் மனைவிதான் முதலில் கவனித்தாள். எல்லாமே காதல் பாட்டு. ஆனால் ஒன்றில்கூட 'அவள்' கிடையாது. கண்ணம்மா, பெண்ணே, அடியே எதுவும் கிடையாது. வெறும் 'நீ', 'உன்', 'உன்னை'. "பரவாயில்லையே, நாகரிகமா எழுதுதான்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தமிழில் 'நீ வந்தாய்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்தியில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது, வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். நம் மொழியில் முன்னால் நிற்பவரிடம் பேசும்வரை பிரச்சினை இல்லை. அவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லப் போனால்தான் 'அவனா, அவளா' என்று மொழி கேட்கும். இதெல்லாம் இப்போது எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

2023 அக்டோபர் 17. செவ்வாய்க்கிழமை என்றாலும் அன்று ஏதோ காரணமாக அவன் ராத்திரி சாப்பாட்டுக்கு வந்திருந்தான். டிவியில் செய்தி. ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். தோசையைப் பிய்த்துக்கொண்டே நான் சொன்னேன்: "இதுகளுக்குக் கல்யாணம் ஒண்ணுதான் கேடு."

அவன் எதுவும் பேசவில்லை. பாதித் தோசையோடு எழுந்து கை கழுவினான். "தலை வலிக்கு அத்தை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தீபாவளி முடிந்துதான் வந்தான். என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சொன்னான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அன்றைக்குச் சொன்னது, "ஒரு நல்ல டாக்டரைப் பாப்போமா மாப்ள?"

அவன் கோபப்படவில்லை. இந்தப் பேச்சை எதிர்பார்த்துத் தயாராக வந்திருந்தான் போலிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றான். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது என்றான். அப்புறம் மெதுவாக, "டாக்டர் வேண்டாம் மாமா. நீங்க ஒரு பாட்டு கேக்கணும்" என்றான். எனக்கு அப்போது பாட்டு கேட்கும் மனநிலை இல்லை. "இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த இன்னொரு நாள் வர நாலு மாதம் ஆனது. இடையில் நான் கொஞ்சம் படித்தேன். வங்கி ஆள், சுற்றறிக்கை படித்தே பழகியவன், எனவே தீர்ப்புகளில் ஆரம்பித்தேன். 377-ஆம் பிரிவை 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது, 2013-ல் உச்ச நீதிமன்றம் பழையபடி ஆக்கியது, 2018 செப்டம்பர் 6-ல் அதே உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்றது. மருமகனுக்கு 2013-ல் பதினான்கு வயது. அந்த ஐந்து வருஷம் சட்டத்தின் கண்ணில் அவன் யார் என்று நினைத்துப் பார்த்தேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான், பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தான்.

என்னை நிறுத்தியது இன்னொரு வழக்கு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம் பெண்களின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூன் 7-ல் உத்தரவானது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு எழுதும் முன் ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்திருக்கிறார். தனக்கு இதில் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, தன் முன்முடிவுகளைக் களைந்துகொள்ளப் போயிருக்கிறார். நான் மருமகனை டாக்டரிடம் அனுப்பப் பார்த்தேன். அவரோ தானே போயிருக்கிறார். உறைத்தது.

நாலு மாதம் கழித்து, அவன் பாடும் காபிக் கடைக்கு நானே போனேன். பொம்மசந்திராவிலிருந்து கிளம்பி சில்க் போர்டு நெரிசலில் ஒன்றே முக்கால் மணி நேரம். உள்ளே என் வயதில் வேறு யாரும் இல்லை. மேடை என்று ஒன்றுமில்லை, ஒரு ஸ்டூலும் மைக்கும்தான். பக்கத்தில் தும்கூர்ப் பையன் ஒருவன் மரப்பெட்டி மாதிரி ஒரு வாத்தியத்தின் மேலேயே உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். கஹோன் என்று பேராம். இரண்டு பாட்டு வழக்கம்போல 'நீ'. மூன்றாவது பாட்டில் 'அவன்' வந்தது. இரண்டாவது சரணத்தில், ஒரே ஒரு இடத்தில். அந்த இடத்தில் அவன் குரல் இறங்கிப்போனது. சுருதிக்காக இறங்கவில்லை, பயத்தில் இறங்கியது. நான் இருந்ததால்தான் என்று அப்புறம் சொன்னான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ரூமி ஹரீஷைப் பற்றிச் சொன்னான். எனக்குத் தெரியாத பெயர். இதே பெங்களூர்க்காரர். ஹிந்துஸ்தானி இசைக்கலைஞர், பாலினச் சிறுபான்மையினர் உரிமைக்காக நீண்ட காலமாக வேலை செய்பவர், ஆல்டர்னேட்டிவ் லா ஃபோரம் என்ற சட்ட அமைப்போடு இணைந்து இயங்கியவர். பெண்ணாக வளர்க்கப்பட்டு, பெண் பாடகராகவே பல வருஷம் பாடி, பிறகு ஆணாக மாறியவர். அவருடைய வாழ்க்கை 'ஜௌன்புரி கயால்' என்று கன்னடத்தில் புத்தகமாக வந்திருக்கிறது, தாதாபீர் ஜைமன் எழுத்தில். அதைத் தும்கூர்ப் பையன் வாசித்துச் சொல்ல, இவன் கேட்டிருக்கிறான்.

இதில் ஒரு பாடகருக்கு என்ன நஷ்டம் என்று யோசியுங்கள். டெஸ்டோஸ்டிரான் எடுத்தால் குரல் நாண்கள் தடித்துவிடும், குரல் கீழே இறங்கும். அப்புறம் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. வருஷக்கணக்கில் சாதகம் செய்து சேர்த்த சொத்து அது. தெரிந்தேதான் அவர் அந்த முடிவை எடுத்தார். புதிய குரலில் எது எங்கே நிற்கும் என்று மறுபடி தேடிப் பாட ஆரம்பித்தார். மருமகன் சொன்னான்: "அவரு குரலையே பணயம் வெச்சாரு மாமா. நான் ஒரு வார்த்தைக்குப் பயந்துக்கிட்டு இருக்கேன்."

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களுக்கு இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கனடாவில் எட்மன்டனில் இந்தியப் பெற்றோருக்கு 1981-ல் பிறந்த விவேக் ஷ்ரையா, ஒரு திருநங்கை. சின்ன வயதில் பஜனை பாடிப் பழகிய குரல். பெரிய பாப் பாடகராக வேண்டும் என்று டொரான்டோவுக்குப் போனார். பாட்டு எழுதினார், ஆல்பம் போட்டார், கூடவே ஒரு கல்லூரியில் வேலையும் பார்த்தார். நினைத்த அளவு நட்சத்திரம் ஆகவில்லை. அந்தத் தோல்வியையே 'பாப் ஸ்டாராகத் தோற்பது எப்படி' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து 2020-ல் நாடகமாக மேடையேற்றினார். 2023-ல் அது தொடராகவும் வந்தது. எழுத்தாளராகப் பெயர் வாங்கி, பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பிக்கப் போனார். நகரத்துக்குப் பாட வருகிற எல்லோரும் ஜெயிப்பதில்லை. மற்றவர்களுக்குத் தோற்றால் ஊருக்குத் திரும்ப ஒரு வீடு இருக்கிறது. மருமகன் மாதிரிப் பிள்ளைகளுக்கு அந்த வீடு இருக்குமா என்பதுதான் கேள்வி. பாட்டில் தோற்கும் பயத்தைவிட அது பெரிய பயம்.

என்னால் முடிந்த ஒரே உதவி காகித வேலை. ஒரு குறும்படக்காரர் அவன் பாட்டை ஐயாயிரம் ரூபாய்க்குக் கேட்டு, எல்லா உரிமையையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் வாங்கிப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாதே என்றேன். படத்தில் வரும் பாட்டாக இருந்தாலும், தியேட்டரில் படம் காட்டுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுத்து எழுதினாலும் செல்லாது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த ஏற்பாடு இது. பாட்டின் உரிமை எழுதியவர் ஆயுள் முழுக்கவும், அதற்கப்புறம் அறுபது வருஷமும் இருக்கும் என்று சொன்னேன். "அந்த அறுபது வருஷம் யாருக்குப் போகும் மாமா?" என்றான். சட்டப்படி வாரிசுக்கு என்றேன். சும்மா இருந்தான்.

இதற்கிடையே ஊரிலிருந்து அக்கா வாராவாரம் போன். "தம்பி, நீ ஒரு வார்த்தை சொன்னா கேப்பான். சாத்தூர்ல ஒரு இடம் வந்திருக்கு." நான் மழுப்பினேன். ஒரு வருஷத்துக்கு மேல் மழுப்பினேன். அவன் ரகசியத்தை நான் சொல்லக்கூடாது, சரி. ஆனால் பெண் தேடுவதை நிறுத்தச் சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. கடைசியில் ஒருநாள், "யக்கா, அவன்கிட்டயே கேளு. என்ன சொன்னாலும் பிள்ளைய விட்டுராத" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அடுத்த வாரம் கிளம்பி வந்துவிட்டாள்.

2025 மார்கழி. மைசூர் எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலை ஓசூரில் இறங்கினாள். பையில் கடலை மிட்டாய், மூன்று ஜாதகம். சாயங்காலம் மருமகன் வந்தான். ஆகஸ்டில் பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டதைப் பற்றி அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினான். டிரைவர் இல்லாமலும் ஓடக்கூடிய ரயிலா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். ஜாதகத்தை எடுக்கப் போனபோது, "ஒரு பாட்டு பாடுதேம்மா" என்று கிட்டாரை எடுத்தான். அந்தப் பாட்டுதான். இந்த முறை குரல் இறங்கவில்லை.

அக்கா சின்ன வயதிலிருந்து மார்கழிதோறும் செண்பகவல்லி அம்மன் கோவிலில் திருவெம்பாவை பாடுகிறவள். அவன் பாட்டு அவளிடமிருந்து வந்ததுதான். கேட்டு முடித்துவிட்டு, "அவன்னு வருதே. பொம்பளப் பிள்ள பாடுத பாட்டாய்யா?" என்றாள்.

"இல்லம்மா. நான் பாடுத பாட்டு."

அக்கா எழுந்து அடுக்களைக்குள் போனாள். கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். என் மனைவி உள்ளே போய், "மதினி, விடுங்க" என்று பக்கத்தில் நின்றுகொண்டாள். ராத்திரி முழுக்க அவ்வளவுதான் பேச்சு.

விடியற்காலை எழுந்து பார்த்தேன். அபார்ட்மென்ட் வாசலில் சின்னதாகக் கோலம். அக்கா முணுமுணுவென்று திருவெம்பாவை பாடிக்கொண்டிருந்தாள். மாணிக்கவாசகர் ஆண். பாட்டு முழுக்கப் பெண்பிள்ளைகளின் குரல். நம்மாழ்வாரும் தலைவியாக நின்று உருகியிருக்கிறார், பாரதி கண்ணனைக் காதலனாகவும் பாடியிருக்கிறார். ஆண் வாயிலிருந்து 'அவன்' வருவது தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. அது பக்தி, இது வேறு என்பீர்கள். வேறுதான். ஆனாலும் அந்தக் காலையில் எனக்கு அது ஞாபகம் வந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காபி குடிக்கும்போது அக்கா அவனிடம் கேட்டது ஒரே கேள்வி. "நாளைக்கு நாங்க போய்ட்டா உனக்கு யாருய்யா இருக்கா?"

அவன் தும்கூர்ப் பையனைப் பற்றிச் சொன்னான். "இருக்கேன்னு அவன் சொல்லலாம். எழுத்துல என்ன இருக்கு?" என்றாள். பத்தாம் வகுப்புதான் படித்தவள், கேள்வி வக்கீல் கேள்வி. அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும், 28-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகமும் தெளிவாக்கியிருக்கின்றன. இப்படிப்பட்ட துணைவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவரையொருவர் நாமினியாக நியமிக்கவும் எந்தத் தடையும் இல்லை. என் மேஜைக்கே வந்த விஷயம். அது எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? நான் தோசை தின்றுகொண்டே கேலி செய்தேனே, அந்த 2023 தீர்ப்பிலிருந்து. அந்த வழக்கில் ஒத்துக்கொண்டபடிதான் அரசு ஒரு குழு போட்டது, அதன் தொடர்ச்சிதான் இது.

குறையையும் சொன்னேன். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டி வரும். திருமணம் சட்டத்தில் இல்லாததால் துணைவர் வாரிசு ஆக முடியாது. அதனால் உயில் எழுத வேண்டும். உயிலில் பாட்டின் உரிமையையும் சேர்க்கலாம், அறுபது வருஷத்துக்கும். மருமகன் என்னைப் பார்த்தான். அக்கா, "உயில் எழுத வயசா இது?" என்றாள். ஆனால் காபியைக் குடித்து முடித்தாள்.

நாலு நாள் இருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தும்கூர்ப் பையனைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, இவனும் வற்புறுத்தவில்லை. "உங்க அத்தான்ட்ட நான் சொல்லுதேன். இப்ப இல்ல, நேரம் பாத்து" என்று என்னிடம் சொன்னாள். ஜாதகங்கள் பையை விட்டு வெளியே வரவேயில்லை. கிளம்பும்போது மட்டும் மகனிடம் ஒன்று சொன்னாள்: "ரெண்டாவது சரணத்துல மூச்சு வாங்குதுய்யா. அந்த வரிய ரெண்டா உடைச்சுப் பாடு."

அவன் அப்படியே உடைத்துப் பாடுகிறான். இப்போது அந்த வரி 'அவன்' என்ற சொல்லில் நின்று, மூச்சு வாங்கி, பிறகு போகிறது.

உங்கள் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் ஒரு பிள்ளை இருக்கலாம். அக்கா மகனோ, தங்கை மகளோ, ஊர்க்காரர் பையனோ. டிவி பார்த்துக்கொண்டே ஏதாவது சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். மருமகன் என்னை மன்னித்துவிட்டான், வாரம் தவறாமல் வருகிறான். ஆனால் எங்கள் வீட்டில் தோசை சுடும் நாளில் மட்டும், "சப்பாத்தி இருக்கா அத்தை?" என்று கேட்கிறான்.